ஒற்றைக் கணினியின் யானைகள்

முதலில் நாங்கள் மண்ணெண்ணெயைத்தான் சந்தேகித்தோம்.

புதுக்குடியிருப்பில், பங்குக் கோவிலுக்குச் சொந்தமான ஓலைக் கொட்டகை ஒன்றில், ஒரு சனிக்கிழமை பின்னேரம். வவுனியாவிலிருந்து ஒருவர் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த பிளொப்பியை ரீச்சர் கணினிக்குள் தள்ளினார். அதில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. பிள்ளைகள் வாங்குகளை விட்டெழுந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கணினி கொஞ்சம் முனகியது. திரையில் ஒரு சின்னப் பெட்டியும் அதற்குள் ஓர் ஆங்கில வரியும் தோன்றின. கார் வரவில்லை.

“கரண்ட் காணாது ரீச்சர்,” என்றாள் முன்னால் நின்ற பிள்ளை.

“கரண்ட் இல்லையடி, எண்ணெய். நேற்று எங்கட ஐயாவின்ர மோட்டச்சைக்கிளும் உப்பிடித்தான் இருமிச்சுது,” என்றாள் இன்னொருத்தி.

திரையில் இருந்த வரியை நான் வாசித்துப் பொருள் சொன்னேன். இந்தத் தட்டை என்னால் படிக்க முடியவில்லை என்று கணினி சொல்லியிருந்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நானும் நம்பவில்லை. வன்னியில் அந்த நாட்களில் எந்த இயந்திரம் நின்றாலும் காரணம் எரிபொருள்தான். பெற்றோல் கண்ணில் காண்பது அரிது. மோட்டார் சைக்கிளை ஒரு மூடி பெற்றோல் விட்டு உதைத்து, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் அப்படித்தான், எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் ஜெனரேற்றரும் அப்படித்தான். ஒன்றுக்கென்று செய்த இயந்திரத்தை இன்னொன்றில் ஓடப் பழக்குவது எல்லா வீடுகளிலும் நடந்தது. சிரமப்பட்டால் எதையும் எதிலும் ஓட்டலாம் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறியிருந்தது. தவறு அங்கேதான் இருந்தது.

ஆகவே பல வாரங்களாக மண்ணெண்ணெயைப் பழைய வேட்டித் துண்டில் வடித்தோம். கொட்டகைக்கு மின்சாரம் தந்த ஜெனரேற்றரின் திருகாணிகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். கொட்டகையில் எரிந்த ஒரேயொரு மின்குமிழையும் அணைத்துவிட்டுக் கணினிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பெட்டி, அதே வரி.

“இந்தக் கேமையும் தடை செய்து போட்டாங்கள் போல,” என்றாள் முதலில் கரண்டைச் சொன்ன பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் இருந்தது. வவுனியாவைத் தாண்டி வன்னிக்குள் வரக்கூடாத பொருட்களுக்கு அரசாங்கத்தின் பட்டியலொன்று இருந்தது. பற்றரி, எரிபொருள், சீமெந்து என்று அது நீண்டுபோகும். எங்களிடம் இல்லாத எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கும் என்பதே எங்கள் கணக்கு.

ரீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லோரும் அவரை அப்படியே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் கடலிலும், கரையோரத்துக் களப்பு நீரிலும் மீன் பிடித்தவர். இவர் யாழ்ப்பாணத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தபோது இடப்பெயர்வு வந்தது. படிப்பு பாதியில் நின்றது. வீட்டாரும் கரையை விட்டு உள்ளே வரவேண்டியதாயிற்று. கோவிலுக்கு அருகில் குடிசை போட்டுத் தாயோடு கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவருக்கு இந்தக் கணினி எதிர்பாராமல் கிடைத்தது. கிணறு வெட்டும் திட்டமொன்றுக்காக வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் சொந்தக் கணினியைப் பங்குத் தந்தையிடம் விட்டுப் போனார். அதைத் தொடத் தெரிந்தவர் பங்கில் இவர் ஒருவர்தான்.

அது வழமையான கணினி அல்ல. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் இருந்தது. திரை மட்டும் தனியாக. ஐரோப்பாவில் ஒரு காலம் வீடுகளில் நன்றாக விற்ற வகை என்றும், பின்னர் சந்தை வேறு வகையின் பக்கம் சாய்ந்துவிட்டது என்றும் பிற்பாடு அறிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது கணினி, அவ்வளவுதான். பிளொப்பி போடும் வாயும் மற்றக் கணினிகளில் இருப்பதைப் போன்றதே. தட்டு சரியாக உள்ளே போய் ‘டக்’ என்று உட்காரும். உள்ளே போகிற ஒன்று ஏன் வேலை செய்யாது?

நான் ஒரு செய்திக்காக அங்கே முதன்முதல் போனேன். பிறகு தட்டெழுத்துப் பழகும் சாக்கில் அடிக்கடி போனேன். வகுப்பு நிலைக்குமா என்பதுதான் எப்போதும் கேள்வி. அந்தக் கொட்டகையைத் தையல் வகுப்புக்குத் தரும்படி பங்கில் ஒரு சாரார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குச் சபைச் செயலாளர் வாரந்தோறும் வந்து வாசலில் நின்று தலைகளைப் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைகள் குறைந்தால் கொட்டகை போய்விடும்; கொட்டகை போனால் வகுப்பு இல்லை.

“கருவாடு போடுறது கேவலமில்லை அண்ணை,” என்று ரீச்சர் ஒருநாள் என்னிடம் சொன்னார். “ஆனா அது எனக்குப் பிறந்ததிலயிருந்து தெரிஞ்ச வேலை. இது நானாத் தேடி எடுத்த வேலை. இதை விட்டா எனக்கெண்டு ஒண்டுமில்லை.”

கடைத்தெருப் பக்கம், காசுக்குப் படிப்பிக்கும் ரியூற்றறி ஒன்று இருந்தது. அங்கே வழமையான கணினிகள் நான்கு. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் கார் ஓட்டவும் விமானம் சுடவும் விடுவார்கள். படிப்புக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது பெற்றோர். எங்கே சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது பிள்ளைகள். அதனால்தான் அந்தக் கார் ரீச்சருக்குத் தேவைப்பட்டது.

கடைசியில் உண்மையைக் கண்டுபிடிக்க மிக எளிய வழிதான் இருந்தது. பிளொப்பியை ரியூற்றறிக்குக் கொண்டுபோய் அங்கே போட்டுப் பார்த்தோம். அதே கடையில் வாங்கிய மண்ணெண்ணெயில்தான் அவர்களுடைய ஜெனரேற்றரும் ஓடியது. கார் உடனே ஓடியது.

ரியூற்றறி முதலாளி பருத்த மனிதர், கதைப் பிரியர். ரீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அவர் இருக்கக் கதிரையொன்றை இழுத்துப் போட்டார்.

“எண்ணெயிலும் பிழையில்லை, மெசினிலும் பிழையில்லை. உங்கடது வேற ரகம் பிள்ளை. இந்த ரகத்துக்கு எழுதின கேம் உந்த ரகத்திலை ஓடாது. படம் போடுற விதம் வேற, சத்தம் போடுற விதம் வேற. உங்களுக்கெண்டு ஒருத்தன் முதலிலயிருந்து திருப்பி எழுதவேணும்.”

“அப்ப எழுதலாம்தானே?” என்றார் ரீச்சர்.

“எழுதலாம். உங்கட ரகம் ஆரிட்ட இருக்கு? ஊர் முழுக்க இது, அங்கயொண்டு இஞ்சயொண்டு உது. ரெண்டுக்கும் ஒரே பாடு. நீங்கள் கம்பனி வைச்சிருந்தா எதுக்கு எழுதுவீங்கள்? எழுதுறவன் விசரனே?”

திரும்பி வரும்போது ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். ஏறவில்லை.

“தடை எண்டு நினைச்ச நேரம் எனக்கு இவ்வளவு கவலையில்லை அண்ணை,” என்றார்.

அதை நான் பல நாட்கள் யோசித்தேன். தடை போடுபவர் எங்களை நினைக்கிறார். கோபத்தோடோ பயத்தோடோ, ஒரு மேசையில் உட்கார்ந்து எங்களுக்கு என்ன கிடைக்கக்கூடாது என்று எழுதுகிறார். அவரோடு மனதுக்குள் சண்டை பிடிக்கலாம். தூரத்து நாடொன்றில் அந்தக் கார் விளையாட்டைச் செய்தவர்கள் எங்களுக்கு ஒன்றையும் மறுக்கவில்லை. இப்படியொரு கணினிக்கு முன்னால் இப்படியொரு பெண் உட்கார்ந்திருப்பார் என்பது அவர்களுடைய கணக்கில் வரவேயில்லை.

ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. காகிதத் தட்டுப்பாட்டில் எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் குறையும்போது முதலில் வெளியே போவது சின்னக் கிராமங்களின் செய்தி. அந்தக் கிராமத்தில் எவருக்கும் பகையில்லை. செய்தி எழுதியவர் சைக்கிளில் போய், வெயிலில் நின்று, பெரிய ஊர்ச் செய்திக்கு உழைத்த அளவே உழைத்திருப்பார். ஆனால் வாசிப்பவர்கள் சிலர். ஆசிரியர் பீடத்தில் அதை ஒருவரும் அநியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இடமில்லை என்போம்.

ரீச்சரின் வகுப்பில் வயதில் மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரக் குடியிருப்பிலிருந்து வார இறுதிகளில் சைக்கிளில் வருவார். அவருடைய பெற்றோர் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டி வயல் செய்தவர்கள். உயர்தரத்தில் கணிதம் படித்தும் மேலே போக வழியில்லாமல் வயலில் நின்றவர். பிள்ளைகள் அவரை ‘ஒட்டுசுட்டான்’ என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

கார் ஓடாது என்பது உறுதியான பிறகு, அவர் ரீச்சரிடம் ஒரு விஷயம் கேட்டார்.

“ரீச்சர், ஓட்டுறதுக்குக் கேம் இல்லையெண்டால், எழுதுறதுக்கு இதுக்குள்ள ஏதும் இருக்கோ?”

இருந்தது. ஜெர்மன்காரர் விட்டுப்போன தட்டுகளில் ஒன்றில் நிரல் எழுதும் மொழியொன்று இருந்தது. கூடவே தடித்த புத்தகமொன்று, முழுவதும் ஜெர்மன் மொழியில். விளக்கங்களில் ஒரு சொல்லும் விளங்காது. உதாரண நிரல்களில் இருந்த கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். ரீச்சர் யாழ்ப்பாணத்தில் படித்த அளவில், ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது எப்படி, ‘இப்படியிருந்தால் இதைச் செய்’ என்று சொல்வது எப்படி என்று காட்டினார். மிச்சத்தை ஒட்டுசுட்டான்காரர் உதாரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

மாரி மழை தொடங்குவதற்குள் ஒரு விளையாட்டு பிறந்துவிட்டது. பச்சைக் கட்டங்களாக ஒரு வயல். நாலு பக்கமும் காடு. காட்டிலிருந்து யானைகள் இறங்கும். வயலுக்குள் நிற்கும் மனிதனை அங்குமிங்கும் ஓட்டி, யானைக்குப் பக்கத்தில் போனதும் தகரம் தட்டவேண்டும். தட்டினால் யானை நிற்கும், பிறகு திரும்பும். ஒரே இடத்தில் நின்று ஓயாமல் தட்டினால் யானைக்கு அது பழகிவிடும். பிறகு அசையாது, பயிரைத் தின்றுகொண்டே வரும். இந்தக் கடைசி விதியை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

யானையின் உருவம் மட்டும் வாய்க்கவில்லை.

“இது யானையோ, அடுப்புக்கல்லோ?” என்றாள் கரையோரப் பிள்ளை ஒருத்தி.

“யானைதான். தும்பிக்கை இந்தப் பக்கம்,” என்றார் ஒட்டுசுட்டான்காரர்.

“தும்பிக்கையோ? நான் வால் எண்டெல்லோ நினைச்சன்.”

“நீங்கள் கடல்காரர். யானையைக் கண்டிருக்கிறியளோ?”

“காணாத ஆக்களுக்கு எதையும் கீறிக் காட்டலாம் எண்டு துணிஞ்சிட்டார், பாருங்கோ.”

அடுத்த சனிக்கிழமை தும்பிக்கை நீண்டிருந்தது. செய்தி பரவியது. ரியூற்றறியில் படித்த பிள்ளைகளும் கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். வாங்குகள் போதாமல் கோவிலிலிருந்து இரண்டை இரவல் வாங்கினார்கள். பங்குச் சபைச் செயலாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தையல் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மாதங்களில் ரீச்சர் நடக்கும் வேகமே மாறியிருந்தது.

ரியூற்றறி முதலாளியும் ஒருநாள் வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு விளையாடினார். சிறிது நேரத்தில் முழு வயலையும் யானைக்குப் பறிகொடுத்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

“தம்பி, இது எங்கட மெசினிலை ஓடுமோ?”

“இதே ஓடாது. திருப்பி எழுதவேணும்.”

“எழுதும். மெசினும் இடமும் நான் தாறன். பகல்ச் சாப்பாடும் தாறன்.”

ரீச்சர் தடுக்கவில்லை. “போம் தம்பி, அங்க நல்ல மெசின். இன்னும் நல்லாச் செய்யலாம்,” என்று அவரே சொன்னார்.

இன்னும் நன்றாகத்தான் செய்தார். ரியூற்றறிக் கணினியில் நிறங்கள் அதிகம். யானை சாம்பலாகவே வந்தது. வயல் இரண்டாயிற்று, காவல் பரண் வந்தது, தகரம் உண்மையான தகரம்போல ஒலித்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குட்டி யானை வந்தது. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டால் தாய் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனிதனைத் துரத்தும். பிள்ளைகள் அதைப் பற்றியே கதைத்தார்கள். அந்த விளையாட்டின் பிரதிகள் சட்டைப் பைகளில் வவுனியாவுக்குப் போயின. வழக்கமாக அங்கிருந்து இங்கே வருவதுதான் பிளொப்பி. இந்தமுறை இங்கிருந்து அங்கே போனது.

கொட்டகையில் பழைய விளையாட்டே இருந்தது. அடுப்புக்கல் போன்ற யானைகளே இருந்தன.

“ரீச்சர், குட்டி எப்ப வரும்?”

“வாற மாசமாம்.”

அடுத்த மாதம், “மழை முடியட்டுமாம்.” மழை முடிந்ததும், “ரியூற்றறியிலை ஒரு வேலை இருக்காம், அது முடியட்டுமாம்.” ரீச்சர் தான் கேட்ட பதிலை அப்படியே பிள்ளைகளுக்குச் சொன்னார். இரவல் வாங்குகள் கோவிலுக்குத் திரும்பின. பிறகு எங்கள் வாங்குகளிலும் இடம் விழத் தொடங்கியது. செயலாளர் மீண்டும் வாசலில் கொஞ்சம் கூடுதலான நேரம் நின்றார். வருகிற மாதம் சபை கூடும்போது தையல் வகுப்பு விஷயத்தை எடுப்பார்கள் என்று ரீச்சரிடம் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான்காரர் ரீச்சரைப் பார்த்துவிட்டுப் போகக் கொட்டகைக்கு வந்தார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நானும் போக முடியாமல் அங்கேயே இருந்தேன்.

“தம்பி, குட்டி இஞ்ச வருமோ வராதோ?” என்றார் ரீச்சர். குரலில் கோபமில்லை.

“வரும் ரீச்சர். கொஞ்சம் நேரம் வேணும்.”

“எவ்வளவு?”

“அங்க முதலாளி இன்னொரு கேம் கேட்டிருக்கிறார். அது முடியட்டும்.”

“அது முடிய இன்னொண்டு கேப்பார்.”

ஒட்டுசுட்டான்காரர் தன் சைக்கிளின் மணியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“ரீச்சர், நான் சோம்பலிலை சொல்லேல்லை. அங்க எழுதினதைத் தூக்கிக்கொண்டுவந்து இஞ்ச வைக்கேலாது. ஒவ்வொரு யானையையும் திருப்பிக் கீறவேணும். சத்தம் முழுக்கத் திருப்பிச் செய்யவேணும். இதிலை நிறம் குறைய. தாய் எது குட்டி எது எண்டு தெரியாது. அதுக்கு வேற வழி யோசிக்கவேணும். அவ்வளவும் ஒரு மெசினுக்கு. வன்னி முழுக்க இந்த ஒண்டுதான் இருக்கு. அந்த நேரத்திலை அங்க ஒரு புதுக் கேம் செய்திடலாம், எத்தினை பிள்ளையள் விளையாடுங்கள்.”

“முதல் யானையை இதிலைதான் கீறினீர்.”

“அதுதான் எனக்கும் மனசுக்கு அந்தரமாக் கிடக்கு.”

“அந்தரப்படவேண்டாம். ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லும். வாற மாசம், மழை முடியட்டும் எண்டு சொல்லாதையும். நீர் சொல்லுறதைத்தான் நான் பிள்ளையளுக்குச் சொல்லுறன். நானும் அதை நம்பி வேற ஒண்டும் ஆயத்தம் செய்யாமல் இருக்கிறன். நீர் வரும் வரும் எண்டு சொல்லுறதாலைதான் இந்த வகுப்பு மூடப்போகுது, வராததாலை இல்லை.”

ஒட்டுசுட்டான்காரர் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன்.”

“அவரை விடும்,” என்றார் ரீச்சர். “பேப்பர்க்காரருக்கு ரெண்டு பக்கமும் கேக்கத்தான் தெரியும். ஒரு பக்கம் நிக்கத் தெரியாது.”

அது உண்மைதான். நான் மழையைப் பார்த்தேன்.

ஒட்டுசுட்டான்காரர் கொட்டகையில் எங்களைப் போலவே பேசுவார். மனம் குழம்பினால் மட்டும் அவருடைய வீட்டுப் பேச்சு வெளியே வரும். இப்போது வந்தது.

“செய்யமாட்டேன் டீச்சர். என்னால முடியலைங்க.”

“சரி. இதைத்தான் கேட்டனான்,” என்றார் ரீச்சர். “இருந்து தேத்தண்ணி குடியும். மழை விடட்டும்.”

எனக்கு அந்த மனிதரில் குற்றம் காண முடியவில்லை. அவரிடம் இருந்தது இரண்டு கை, வயல் வேலை போக மிச்சமான சில நாட்கள். அதை எங்கே செலவழிப்பது என்று யோசித்தார். ஒரு முகத்துக்கும் பல முகங்களுக்கும் நடுவில் பல முகங்களைத் தெரிந்தெடுத்தார். அந்த ஒரு முகம் அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்த முகம். அப்படியிருந்தும் கணக்கு மாறவில்லை. முன்பின் தெரியாத கம்பனிக்காரர் வேறு எப்படித் தீர்மானித்திருப்பார்? பெயர் தெரியாத அந்தக் கம்பனிகளைப் பற்றி எனக்கிருந்த எரிச்சல் அன்று கொஞ்சம் குறைந்தது. வேறொன்று விளங்கியது. கைவிடப்படுவதைத் தாங்கிக்கொள்ளலாம். கைவிடவில்லை என்று சொல்லிக்கொண்டே கைவிடும்போதுதான் ஆட்கள் காத்திருந்து கெட்டுப்போகிறார்கள்.

தேநீர் குடித்து முடித்ததும் ரீச்சர் சோக்கட்டியை எடுத்து நீட்டினார்.

“தாய் யானை எல்லாத்தையும் விட்டிட்டு ஆளைத் துரத்துதெல்லோ. அதை எப்பிடிச் செய்தனீர் எண்டு மட்டும் சொல்லித் தாரும். எழுதித் தரவேண்டாம்.”

அவர் கரும்பலகையில் கீறிச் சொன்னார். இரண்டு யானைக்கும் இடையில் எத்தனை கட்டம் என்று கணினி ஒவ்வொரு அடிக்கும் பார்க்கும். தூரம் கூடினால் தாய்க்கு வேறொரு கட்டளை. ரீச்சர் இடைமறித்துக் கேள்வி கேட்டார். அவர் அழித்து மறுபடி கீறினார். கொஞ்ச நேரத்தில் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். மழை விட்டது எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் ஜெனரேற்றரை இயக்குவதற்கு முன் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

“குட்டி யானை இஞ்ச வராது. இனியும் வராது. இந்த மெசினுக்கு ஆரும் ஒண்டும் செய்யப்போறதில்லை.”

ஒரு பிள்ளை எழுந்தாள்.

“அப்ப நாங்கள் ரியூற்றறிக்குப் போகலாமோ ரீச்சர்?”

“போகலாம். நல்ல இடம்தான். போறாக்கள் சொல்லிட்டுப் போங்கோ, ஒளிச்சுப் போகவேண்டாம்.”

கடைத்தெருப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போனார்கள். ஒருத்தி அழுதாள், ஆனாலும் போனாள். மிச்சமிருந்தவர்கள் பெரும்பாலும் கரையிலிருந்து இடம்பெயர்ந்து கோவிலைச் சுற்றிக் குடியிருந்த வீடுகளின் பிள்ளைகள். விருப்பத்தால் நின்றவர்கள் யார், தூரத்தால் நின்றவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

ரீச்சர் பழைய யானை விளையாட்டைத் திறந்தார். விளையாடுவதற்கு அல்ல. அதன் நிரலைத் திரையில் கொண்டுவந்தார். வரி வரியாக வெள்ளை எழுத்து ஏறிப் போயிற்று.

“இதுதான் யானை,” என்றார் ஒரு வரியைத் தொட்டு. “இந்த வரியிலை பச்சை எண்டு கிடக்கிறதை நீலம் எண்டு மாத்தினா என்ன நடக்கும்?”

வயல் நீலமாயிற்று.

“களப்பு!” என்றாள் ஒருத்தி.

அதற்குப் பிறகு நடந்தவை ஒழுங்காக நடக்கவில்லை. ஒருத்தி காட்டை எடுத்துவிட்டுக் கரை போட்டாள். இன்னொருத்தி தகரக்காரனைத் தோணியாக்கினாள். தோணி கவிழ்ந்த மாதிரித் தெரிந்தது. ஒரு வாரம் முழு விளையாட்டும் ஓடாமல் நின்றது. பிழை எங்கேயென்று தேட அடுத்த வாரம் போயிற்று. யானைகள் நண்டுகளாயின. தாய் யானைக்கென்று கரும்பலகையில் சொல்லப்பட்ட தூரக் கணக்கை ரீச்சர் வலைக்குப் பயன்படுத்தினார். நண்டு வலைக்கு எத்தனை கட்டம் கிட்டே வந்தால் சிக்கும் என்பது அந்தக் கணக்கு. இது ரியூற்றறியின் குட்டி யானைக்குப் பக்கத்தில் நிற்காது. அதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆனால் வாரந்தோறும் வந்தார்கள். முந்திய வாரம் தாங்கள் மாற்றியது என்னவாயிற்று என்று பார்க்கவேண்டியிருந்தது.

சபை கூடுவதற்கு முந்திய சனிக்கிழமை செயலாளர் வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்தார். தலைகள் குறைவுதான். ஆனால் அத்தனையும் ஒரு திரைக்கு முன்னால், ஒன்றின் மேல் ஒன்று.

“நேர போகுதடி. எந்த நண்டு நேர போறது?”

“பக்கத்தாலை போக விட்டா வலையிலை படுகுதில்லை.”

“படாட்டி அது நண்டின்ர கெட்டித்தனம். அதுக்காக நண்டை மாத்துறதோ?”

“ரீச்சர், இவளைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ. இவளின்ர ஐயாவின்ர வலையிலயே ஒண்டும் படுறதில்லை.”

ரீச்சர் செயலாளரைக் கண்டு எழுந்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அவருடைய முகத்தில் அன்று கண்ட பதற்றத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. செயலாளர் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

“உதென்ன, நண்டோ?”

“ஓம்,” என்றார்கள் பிள்ளைகள்.

“கால் காணாது. இன்னும் வேணும்.”

பிறகு ரீச்சரிடம் திரும்பினார். “தையல்காரர் காலமையிலை நடத்தட்டும் பிள்ளை. பின்னேரம் உங்களுக்குத்தான். நான் சபையிலை சொல்லுறன். நண்டுக்குக் காலைப் போடுங்கோ.”

அவர் போன பிறகு ரீச்சர் கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தார். பிள்ளைகள் கவனிக்கவில்லை. நண்டுக்கு எட்டுக் காலா பத்துக் காலா என்பதில் அவர்களுக்குள் சண்டை மூண்டிருந்தது. கொடுக்கையும் காலாக எண்ணுவதா என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கணினியின் கட்டங்களில் ஆறு கால்களுக்குத்தான் இடம் இருந்தது.